கீழக்கரை பழைய தெருவில் ஒரு வீடு: உப்புச் சுவர், கிணறு, பின்வாசல் பற்றிச் சொல்லுங்கள்

நொய்யல்கரை
ஜூன் 8, இரவு 9.40

வணக்கம். நாங்கள் கோயம்புத்தூர்க்காரர்கள். கீழக்கரையில் ஒரு கல்லூரியில் எனக்குக் கணிதம் நடத்தும் வேலை கிடைத்திருக்கிறது. என் வீட்டுக்காரருக்குக் கணினியில் பார்க்கும் வேலை, எங்கிருந்தும் பார்க்கலாம். மகள் ஐந்தாம் வகுப்புக்குப் போகிறாள். மாமியாரும் எங்களோடு வருகிறார், எழுபதை நெருங்குகிறார்.

ராமநாதபுரம் பக்கம் என்று வாயெடுத்தாலே "தண்ணியில்லாக் காட்டுக்கா போறீங்க?" என்கிறார்கள். அதனால் போன வாரம் நேரிலேயே போய் நாலு வீடு பார்த்தோம். மூன்று வீடுகள் ராமநாதபுரம் ரோட்டுப் பக்கம் புதிதாகக் கட்டியவை. குறை சொல்ல எதுவும் இல்லை. நாலாவது பழைய தெருக்களுக்குள், கடலுக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்தது. வாசலில் திண்ணை, உள்ளே முற்றம், வழுவழுவென்று மரத்தூண்கள், அண்ணாந்து பார்த்தால் மரச்சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிய தளம். வெளியே நிற்க முடியாத வெயில். உள்ளே மின்விசிறிகூட ஓடவில்லை, ஆனால் திண்ணையில் உட்கார்ந்த மாமியார் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். அந்த வீட்டை விட்டு வர எனக்கு மனமே இல்லை.

பயமும் இருக்கிறது. சுவர்கள் இடுப்பு உயரம்வரை பொரிந்து கொட்டுகின்றன, விரலால் தடவினால் வெள்ளையாக ஒட்டுகிறது. நாலடிக்குச் சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டிவிட்டால் சரியாகிவிடும் என்றார் வீடு காட்டிய தரகர். கொல்லையில் கிணறு இருக்கிறது, தண்ணீர் கரிக்கிறது. அதற்கு அவர் சொன்ன வழி, பக்கத்திலேயே போர் போட்டு மோட்டார் வைப்பது. அப்புறம் கொல்லைச் சுவரில் ஒரு சின்ன வாசல். அதைத் திறந்தால் நேராக அடுத்த வீட்டுக் கொல்லை! பாதுகாப்புக்காக முதலில் அதைக் கல் வைத்து அடைத்துவிட வேண்டும் என்கிறார் என் வீட்டுக்காரர்.

இன்னொன்றையும் மனம்விட்டுக் கேட்டுவிடுகிறேன். அந்தத் தெரு முழுக்க முஸ்லிம் குடும்பங்கள். நாங்கள் இந்துக்கள், வீட்டில் சைவச் சமையல். எங்களால் அவர்களுக்கோ அவர்களால் எங்களுக்கோ சங்கடம் வருமா? அங்கே இருப்பவர்கள், இருந்தவர்கள் சொல்லுங்கள்.


ரோட்டுப்பக்கம்
ஜூன் 8, இரவு 10.25

சகோதரி, நான் பன்னிரண்டு வருஷமாக இங்கே கடை வைத்திருக்கிறேன், சொந்த ஊர் பரமக்குடி. பழைய தெருவில் இரண்டு வருஷம் குடியிருந்துவிட்டு ரோட்டுப் பக்கம் வந்துவிட்டேன். உங்களுக்கும் அதையேதான் சொல்வேன். உள்தெருக்களில் கார் திரும்பாது. வயதானவருக்கு நடுராத்திரி உடம்புக்கு முடியாமல் போனால் ஆம்புலன்ஸ் வாசலுக்கு வராது, முனையிலேயே நிற்கும். ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு 17 கிலோமீட்டர் போக வேண்டும். பழைய வீட்டுக்குச் செலவு செய்தால் அந்தக் காசு உங்களுடையது, வீடு அடுத்தவருடையது. வீட்டின் அழகு முதல் மழைவரைக்கும்தான் தெரியும். மக்களைப் பற்றிக் கவலையே வேண்டாம், தங்கமானவர்கள். வீடுதான் பிரச்சினை.


கிழக்குத்தெரு லாத்தா
ஜூன் 9, காலை 6.50

தங்கச்சி, பின்வாசலைப் பற்றி எழுதியிருந்தீர்கள், அதற்காகவே உட்கார்ந்து எழுதுகிறேன். அவசரப்பட்டு அடைத்துவிடாதீர்கள்.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். இரண்டு மூன்று பெண்பிள்ளைகள் என்றால் வாப்பா பக்கத்திலேயே அடுத்தடுத்து வீடு கட்டிக் கொடுப்பார், இல்லையென்றால் இருக்கிற வீட்டைப் பிரித்துக் கொடுப்பார். நீங்கள் அடுத்த வீடு என்று நினைப்பது ஒரு காலத்தில் இந்த வீட்டுக்காரியின் தங்கச்சி வீடாக இருந்திருக்கும். ஆண்கள் இலங்கைக்கும் மலேசியாவுக்கும் பின்னாளில் துபாய்க்கும் ஹாங்காங்குக்கும் போய் வருஷக்கணக்கில் வராமல் இருந்த ஊர் இது. ஒரு வீட்டில் பிரசவம், ஒரு வீட்டில் காய்ச்சல், ஒரு வீட்டில் விருந்தாளி என்றால் பெண்கள் தெருவில் இறங்காமல் கொல்லை வழியாகவே போய்ச் சேர்ந்துவிடுவோம். என் உம்மா காலத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஏழு வீடு தாண்டிப் போவார்களாம், தெரு மண் காலில் படாமல். இப்போது நிறைய வாசல்களை அடைத்துவிட்டார்கள். இருக்கிறது சிலதுதான்.

பயமாக இருந்தால் உங்கள் பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனால் முதலில் அந்த வாசலைத் தட்டி அந்த வீட்டுப் பெண்களிடம் பேசுங்கள். கேட்காமல் கல் வைத்து அடைத்தால், வந்த அன்றைக்கே முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

சைவம் என்பதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. சொல்லிவிட்டால் போதும், நோன்பில் உங்களுக்குக் கறி போடாத கஞ்சி தனியாக வரும். பெருநாளைக்குத் தொதல் வரும், அது அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டுவது, உங்கள் மாமியார் தாராளமாகச் சாப்பிடலாம். நாங்கள் கவனிப்பது ஒன்றுதான். வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டு, பெண்கள் உள்ளே போகக் கொஞ்சம் நேரம் விட்டு, அப்புறம் உங்கள் வீட்டு ஆண்கள் வர வேண்டும். மொட்டைமாடிக்கு அவர்கள் ஏறும்போதும் ஒரு சத்தம் கொடுக்கச் சொல்லுங்கள், பக்கத்து முற்றங்கள் அங்கிருந்து தெரியும்.


சுண்ணாம்புக்கை
ஜூன் 9, பிற்பகல் 1.15

சுவரைப் பற்றி நான் சொல்கிறேன். எனக்கு ராமநாதபுரம்தான், அப்பா காலத்திலிருந்து காரை வேலை.

அந்தத் தரகர் சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள். இந்தக் கரையில் பழைய வீடுகளைச் சுண்ணாம்பில் கட்டினார்கள், பல வீடுகளில் கடலில் எடுத்த பவளப்பாறைக் கல்லே சுவருக்குள் இருக்கும். அது கடல்பஞ்சு மாதிரி, தண்ணீரை உறிஞ்சும், வெயிலில் விட்டுவிடும். நிலத்தடித் தண்ணீர் உப்பு. விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி அது சுவரில் ஏறுகிறது. ஈரம் சுவரின் முகத்தில் காய்ந்து போகும், உப்பு மட்டும் அங்கேயே தங்கிப் பூக்கும். பூக்கும்போது பூச்சைத் தள்ளிக் கொட்டிவிடும். கொட்டட்டும். சுண்ணாம்புப் பூச்சின் வேலையே அதுதான், தான் உதிர்ந்து உள்ளே இருக்கிற கல்லைக் காப்பாற்றுவது. ஏழெட்டு வருஷத்துக்கு ஒரு முறை மறுபடி பூசிக்கொள்வார்கள்.

அதன்மேல் சிமெண்டும் டைல்ஸும் ஒட்டினால் ஈரம் வெளியே போக வழி இல்லை. நாலடியில் நிற்கிற ஈரம் ஆறடிக்கு ஏறும், உப்பு கல்லுக்குள்ளேயே பூத்துக் கல்லைப் பொடியாக்கும். டைல்ஸ் வெளியே பளபளவென்று இருக்கும், பின்னால் சுவர் இருக்காது. நான் அப்படிப் பிரித்துப் பார்த்த வீடுகள் உண்டு, கையால் அள்ளலாம்.

செய்ய வேண்டியது இது. இடுப்பு உயரத்துக்கு மேலே இன்னும் ஒரு முழம்வரை பழைய பூச்சைத் தட்டி எடுத்துவிட்டுச் சுவரைச் சும்மா விடுங்கள். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, மறுபடி உள்ளே போய்விடும். உலர்ந்த துடைப்பத்தால் கூட்டி எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். ரொம்பக் கனமாக இருக்கிற இடத்தில் ஈரக் களிமண்ணை அப்பிக் காயவிட்டு உதிர்த்தால் உப்பையும் இழுத்துக்கொண்டு வரும். நாலைந்து மாதம் கழித்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு உப்பில்லாத மணல் சேர்த்துக் குழைத்து இரண்டு வாரம் ஊறவைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டுப் பூச வேண்டும். மேலே பெயிண்ட் வேண்டாம், வெள்ளையடித்தால் போதும்.

கல் மாற்ற வேண்டும் என்று யாராவது கடல்கல் கொண்டுவருகிறேன் என்றால் வாங்காதீர்கள். பவளப்பாறை 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. எடுப்பதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். செங்கல்லும் சுண்ணாம்பும் போதும்.


ரோட்டுப்பக்கம்
ஜூன் 9, மாலை 7.05

அண்ணன் சொல்வது தொழில் தெரிந்தவர் பேச்சு, மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்குச் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் எத்தனை பேர் கிடைப்பார்கள்? வாடகைக்கு இருக்கிற குடும்பம், சுவரை நாலைந்து மாதம் உரித்துப் போட்டுவிட்டு அதன் நடுவில் குழந்தையையும் வயதானவரையும் வைத்துக்கொண்டு இருக்க முடியுமா? இரவெல்லாம் தூசி கொட்டும். என் மனைவிக்கு மூச்சிளைப்பு வந்ததே அந்த வீட்டில்தான். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.


சுண்ணாம்புக்கை
ஜூன் 9, இரவு 8.30

நியாயம்தான் தம்பி. இளைப்பு இருக்கிறவர்கள் படுக்கிற அறையில் உப்புச் சுவர் கூடாது. படுக்கையை நடுச்சுவர்ப் பக்கம் போட்டுக்கொண்டு, வெளிச்சுவரை ஒரு நேரத்துக்கு ஓர் அறையாக உரித்தால் சமாளிக்கலாம். மாமியாருக்கு இளைப்பு இருக்கிறதா என்று அந்தத் தங்கச்சி முதலில் சொல்லட்டும்.


பாம்பன்காற்று
ஜூன் 10, காலை 11.20

நான் திருச்சியிலிருந்து வந்து பாம்பனில் எட்டு வருஷமாக இருக்கிறேன். கிணற்றைப் பற்றி ஒருவரும் இன்னும் பேசவில்லை, எனக்கு அதுதான் முக்கியமாகத் தோன்றுகிறது.

தனுஷ்கோடிப் பக்கம் போயிருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒரு துண்டு மணல். 1964 டிசம்பர் புயலில் ஊரே போன பிறகும் மீன்பிடிக்கிற குடும்பங்கள் அங்கே இருந்தார்கள். எப்படி என்றால், மணலைக் கையால் தோண்டினால் குடிக்கிற தண்ணீர் ஊறும். மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, கனமான உப்புத்தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கடற்கரைக் கிணறுகள் எல்லாமே இந்தக் கணக்குதான். கடல்மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஓரடி நின்றால் அதற்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். தலைகீழாகப் பார்த்தால், மோட்டார் போட்டு மேலே ஓரடி இறக்கிவிட்டால் கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறி வரப் பார்க்கும்.

அதனால் போர் போடாதீர்கள். ஆழம் போகப் போக உப்புத்தான் வரும். உங்களுக்கு மட்டும் இல்லை, பக்கத்துக் கிணறும் கெட்டுப்போகும். ஒரு தெருவில் நாலு பேர் மோட்டார் வைத்தால் அந்தத் தெருவுக்கே நல்ல தண்ணீர் போய்விடும், என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பழைய தெருவில் எங்கேயாவது ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கும். யார் வீட்டில் என்று கேளுங்கள். பெரும்பாலும் வாளி போட்டுத்தான் இறைப்பார்கள்.

இந்த மாவட்டத்தில் மழை குறைவு, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அவ்வளவும் கடலுக்குத்தான் ஓடியது. மாடித் தண்ணீரை உங்கள் கிணற்றுக்குள் இறக்குங்கள். 2003-லேயே தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், ஆனால் நிறைய வீட்டில் குழாய் மட்டும் தொங்குகிறது. மாடியைத் துடைத்துவிட்டு, முதல் இரண்டு மழையை வெளியே விட்டுவிட்டு, அப்புறம் கரியும் மணலும் போட்ட தொட்டி வழியாகக் கிணற்றில் விடுங்கள். குடிக்கக் காவிரித் தண்ணீர் குழாயில் வரும். வருகிற நாளில் பிடித்து வைக்கப் பாத்திரம் நிறைய வாங்கிக்கொள்ளுங்கள்.


கடல்தாண்டியவன்
ஜூன் 11, இரவு 12.40

அக்கா, நான் கீழக்கரைக்காரன், ஷார்ஜாவில் வேலை. இந்த இழையை இரண்டு முறை படித்துவிட்டேன்.

எங்கள் பாட்டியின் வீட்டை மூன்று வருஷத்துக்கு முன் இடித்தோம். எட்டுப் பங்காளிகள், நாலு நாட்டில் இருக்கிறோம், ஒருவராலும் வந்து பார்க்க முடியவில்லை. இடித்த அன்றைக்கு வீடியோவில் தூண்களை இறக்குவதைப் பார்த்தேன். அதனால் யாராவது பழைய வீட்டில் குடியிருக்க வருகிறேன் என்று எழுதினால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆள் புழங்கினால்தான் வீடு நிற்கும்.

உங்கள் வீட்டுக்கும் பங்குதாரர்கள் பலர் இருக்கலாம். பேசுகிறவர் ஒருவர், சொத்து ஐந்து பேருடையது என்று பிறகு தெரியவந்தால் சிக்கல். எல்லோர் சம்மதமும் இருக்கிறதா என்று கேளுங்கள். வாடகையா, ஒத்தியா என்பதை முதலிலேயே தெளிவாக்கி, எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். சுவர் வேலை, மாடி வேலைக்கு யார் செலவு, அதை வாடகையில் கழிப்பதா என்று அதிலேயே எழுதிவிட்டால் ரோட்டுப்பக்கம் அண்ணன் சொன்ன கவலைக்கும் வழி பிறக்கும்.

வந்ததும் நடுத்தெரு ஜும்மாப் பள்ளிவாசலைப் பாருங்கள். கேட்டுக்கொண்டு போனால் காட்டுவார்கள். கல்லால் கட்டியது. அந்தத் தூண்களைப் பார்த்தால் உங்கள் மாமியாருக்குக் கோயில் மண்டபம் ஞாபகம் வரும், இந்த நாட்டுக் கல்தச்சர்களின் கை அது. 17-ஆம் நூற்றாண்டில் ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு உற்ற நண்பராக இருந்த வள்ளல் சீதக்காதி அங்கேதான் அடங்கியிருக்கிறார். "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று நீங்கள் பள்ளியில் படித்தீர்களே, அவருடைய ஊருக்குத்தான் குடிவருகிறீர்கள். உமறுப்புலவரைச் சீறாப்புராணம் பாடவைத்தவர் அவர்.

ஒரு வேண்டுகோள். சுவர் அலமாரியிலோ பரணிலோ அரபி எழுத்தில் பழைய நோட்டுகள் கிடந்தால் தயவுசெய்து பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எழுத்து அரபியாக இருக்கும், வாசித்தால் தமிழாக இருக்கும். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்று ஒரு பெரியவர், 1816-இல் பிறந்து 1898-இல் மறைந்தவர், எங்கள் ஊரில் இருந்து அந்த அரபுத்தமிழில் நிறைய எழுதினார். பெண்களும் அதைத்தான் படித்தார்கள். வைத்தியக் குறிப்பும் வீட்டுக் கணக்கும்கூட அந்த எழுத்திலேயே இருக்கும்.


நொய்யல்கரை
ஜூன் 15, இரவு 10.10

எல்லோருக்கும் நன்றி. மாமியாருக்கு இளைப்பு இல்லை, மூட்டுவலிதான். வீட்டில் நாலு நாள் பேசினோம். ரோட்டுப்பக்கம் அண்ணா, உங்கள் வார்த்தையை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆம்புலன்ஸ் விஷயம்தான் என்னை ரொம்ப யோசிக்கவைத்தது. நேரில் போய் வாசலிலிருந்து தெருமுனைவரை நடந்து பார்த்தேன், தொண்ணூற்றிரண்டு எட்டு. சக்கர நாற்காலி போகும். சரி என்று முடிவு செய்துவிட்டோம்.

அப்புறம் அந்தப் பின்வாசலைத் தட்டினேன். ஒரு பெரியம்மா திறந்தார்கள். நான் யார் என்று சொல்வதற்குள் "தண்ணிக்கா வந்தே?" என்று கேட்டார்கள். அப்போதுதான் தெரிந்தது, நல்ல தண்ணீர்க் கிணறு அவர்கள் கொல்லையில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் குடியிருந்தவர்கள் எல்லோரும் அந்த வாசல் வழியாகத்தான் குடத்தோடு போவார்களாம். மோட்டார் கிடையாது, கயிறும் வாளியும்தான். அடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைப் புரட்டுகிறது. வீட்டுக்காரரும் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் மட்டும் வாங்கி மாட்டினார்.


கிழக்குத்தெரு லாத்தா
ஜூன் 16, காலை 7.00

அந்தப் பெரியம்மாவை எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், பெயர் சொல்ல வேண்டாம். மாமியாரைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு நாள் உட்காரச் சொல்லுங்கள். அவர்களுக்கும் மூட்டுவலி.


நொய்யல்கரை
செப்டம்பர் 21, மாலை 5.30

குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது. ஆடி மாதம் முழுக்கக் கச்சான் காற்று. கதவு ஜன்னல் எல்லாம் மணல், துவைத்த துணி கொடியில் நிற்காது. ஆனால் முற்றத்தில் அந்தக் காற்று இறங்கும்போது வரும் குளிர்ச்சியைக் கோயம்புத்தூரில்கூட நான் அனுபவித்ததில்லை.

சுண்ணாம்புக்கை அண்ணா சொன்னபடி முதலில் முன்னறையின் வெளிச்சுவரை மட்டும் உரித்தோம். உள்ளே நிஜமாகவே கடல்கல். ஒரு கல்லில் பூ மாதிரி நட்சத்திரம் நட்சத்திரமாகக் கோடுகள். மகள் தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் துடைப்பத்தால் உப்பைக் கூட்டி ஒரு டப்பாவில் போட்டு எடைபோட்டு நோட்டில் எழுதுகிறாள். முதல் வாரம் முக்கால் கிலோவுக்கு மேல், இப்போது நூறு கிராம்கூட வருவதில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை முடிகிறவரை கடைகள் மூடியிருக்கும் என்பது முதல் வாரம் எனக்குத் தெரியாது, அன்றைக்குக் காய் இல்லாமல் நின்றேன். இப்போது வியாழக்கிழமையே வாங்கிவிடுகிறேன். மாமியாருக்கு இந்த ஊர் பிடிபட்டது திருப்புல்லாணியால்தான். ராமநாதபுரம் பஸ்ஸில் ஏறினால் வழியிலேயே இறங்கிப் பெருமாளைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார். ஆடி அமாவாசைக்குச் சேதுக்கரையில் கடலாடினோம். கோயிலிலிருந்து கொண்டுவந்த பாயசத்தில் பாதி பின்வாசல் வழியாகப் போனது, கிண்ணம் திரும்பி வரும்போது அதில் கடல்பாசி இருந்தது. சீனி போட்டுக் காய்ச்சி உறையவைத்தது, மகள் அன்றிலிருந்து அதற்கு அடிமை.

பரணில் நோட்டுகள் இரண்டு கிடைத்தன, கடல்தாண்டியவன் தம்பி சொன்னது மாதிரியே அரபி எழுத்தில். பெரியம்மா கண்ணாடி போட்டு ஒரு பக்கத்தை வாசித்தார்கள். "ஓமம், சுக்கு, கருப்பட்டி" என்று வந்தது. பிள்ளை பெற்றவளுக்கு மருந்து. எழுத்து எனக்குத் தெரியாது, கேட்டதெல்லாம் தமிழ். உடம்பு சிலிர்த்துவிட்டது. வீட்டு உரிமையாளரின் குடும்பத்திடம் கொடுக்கச் சொல்லிப் பெரியம்மாவிடமே வைத்திருக்கிறோம்.


கடல்தாண்டியவன்
செப்டம்பர் 21, இரவு 11.55

இதைப் படித்துவிட்டு என் உம்மாவுக்குப் போன் போட்டேன். எங்கள் வீட்டு நோட்டுகள் எங்கே என்று கேட்டேன். இடிக்கும்போது பார்க்கவில்லை என்றார்கள்.


ரோட்டுப்பக்கம்
செப்டம்பர் 22, காலை 9.15

ஐப்பசி வரட்டும் சகோதரி, மாடியை மட்டும் இப்போதே பார்த்துவிடுங்கள். என் வீட்டில் ஒழுகியது மாடியில்தான். ஆள் வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.


சுண்ணாம்புக்கை
செப்டம்பர் 22, காலை 10.40

தம்பி சொல்வது சரி. மாடித் தளத்தில் பதித்த தட்டோட்டின் இணைப்புகளைக் கரண்டியால் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடைக்க வேண்டும், தார்ச்சீட்டு ஒட்ட வேண்டாம். தண்ணீர் விழுகிற தூம்பில் இலை அடைத்திருக்கும், அதையும் பாருங்கள். இரண்டு நாள் வேலை.


நொய்யல்கரை
ஜனவரி 25, மாலை 6.20

மழைக்காலம் முடிந்தது, எழுத வேண்டியது நிறைய இருக்கிறது.

ரோட்டுப்பக்கம் அண்ணா அனுப்பிய ஆள் மாடியைச் சரிசெய்தார். அப்படியும் ஒரு மூலையில் ஒழுகியது. நவம்பரில் ஒரு ராத்திரி மூன்று பாத்திரம் வைத்துக்கொண்டு விழித்திருந்தோம். அன்றைக்கே மின்சாரமும் போய், மாமியாருக்கு மூச்சுத் திணறுகிற மாதிரி வந்துவிட்டது. நான் தாழ்ப்பாளை எடுத்துக் குரல் கொடுத்தேன், அவ்வளவுதான். பெரியம்மாவின் மருமகன் ஒரு நாற்காலியோடு வந்தார், இன்னொருவர் குடையோடு. என் வீட்டுக்காரரும் அவர்களும் மாமியாரை நாற்காலியோடு தூக்கித் தெருமுனைக்குக் கொண்டுபோனபோது ஆம்புலன்ஸ் அப்போதுதான் வந்து நின்றது. ரத்தஅழுத்தம்தான், இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வாசலுக்கு வராது என்று அண்ணா சொன்னது உண்மை. முன்கூட்டியே சொன்னதால்தான் நாங்கள் அதை யோசித்து வைத்திருந்தோம், அதற்கு நன்றி.

மாடித் தண்ணீரைக் கிணற்றில் இறக்கினோம். மழை தொடங்கும்போது எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பாசிப்பருப்பு வேகாது, மார்கழியில் வெந்தது. குடிக்கிற அளவுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் பெரியம்மா வீட்டுக் கிணற்றில் தண்ணீர் வழக்கத்தைவிட ஒரு முழம் மேலே நிற்கிறது என்று அவர்களே வந்து சொன்னார்கள். இப்போது அவர்கள் வீட்டுத் தூம்பையும் கிணற்றுக்குத் திருப்பப் போகிறார்கள், அதற்கு அடுத்த வீட்டிலும் கேட்டிருக்கிறார்கள்.

திருவாதிரைக்கு மாமியாரை உத்தரகோசமங்கைக்குக் கூட்டிப் போனோம். வருஷம் முழுக்கச் சந்தனக்காப்பில் இருக்கும் மரகத நடராஜரைக் காப்பில்லாமல் பார்க்கலாம் என்பதால் அவ்வளவு கூட்டம். சந்தனம் கொண்டுவந்தார். மூட்டுக்குப் பூசப் பெரியம்மாவுக்கும் கொஞ்சம் கொடுத்தார்.

இப்போது என் கேள்வி. முன்னறைச் சுவர் நன்றாகக் காய்ந்துவிட்டது மாதிரி தெரிகிறது. கொல்லைச் சுவரை இப்போதுதான் உரித்தோம், பின்வாசல் இருக்கிற அதே சுவர். இரண்டையும் சேர்த்து அடுத்த மாதமே பூசிவிடலாமா?


சுண்ணாம்புக்கை
ஜனவரி 26, காலை 8.10

வேண்டாம் தங்கச்சி. முன்னறையிலேயே மழைக்கால ஈரம் இன்னும் உள்ளே நிற்கும், மேலே மட்டும் காய்ந்திருக்கும். ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் சுற்றிலும் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள், உள்பக்கம் வேர்த்தால் ஈரம் இருக்கிறது. பங்குனி வெயில் வரட்டும். பிப்ரவரி நடுவிலிருந்து நோன்பு, உங்கள் பக்கத்துக் கொத்தனார்கள் பலரும் நோன்பாளிகள், வெயிலில் காரை குழைக்கச் சொல்லக் கூடாது. பெருநாள் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பை மட்டும் அதற்கு இரண்டு வாரம் முன்னால் ஊறப்போட்டுவிடுங்கள். கொல்லைச் சுவர் அடுத்த மழைக்கு முன்னால், ஆவணியில் பூசினால் போதும்.


கிழக்குத்தெரு லாத்தா
ஜனவரி 26, காலை 9.30

பூசும்போது அந்தப் பின்வாசலின் படிக்கல்லை அசைக்க வேண்டாம் என்று கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள். இந்த மாதிரிச் சுவர்களில் ஒரே நீளக்கல்லாகப் போட்டிருப்பார்கள். உங்கள் பக்கம் தூக்கினால் பெரியம்மா வீட்டுப் பக்கம் வாசல் நிலை இறங்கிவிடும்.